மஹாத் விளக்கு மாற்றினான்

விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மஹாத் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, முன்பக்கம் போய்க் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது. காமாலைக்காரன் கண்போல இரண்டு மஞ்சள் கலங்கல்கள், ஆளுக்கு ஒரு முழம் மூடுபனியைக் காட்டிவிட்டுக் களைத்துப்போய் நின்றன.

கரீஃப் பருவமழை தொடங்கிவிட்டால் ஓமானில் சலாலாவுக்கு மேலே இருக்கும் மலையில் வானம் இறங்கி வந்து தரையிலேயே உட்கார்ந்துகொள்ளும். மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை நாள் முழுக்க நசநசக்கும். மற்ற அரபு நாடுகளின் வெயிலுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் அதில் நனைந்து படம் எடுத்துக்கொள்வார்கள். மஹாத்துக்கு நனைவதில் எந்தச் சந்தோஷமும் இல்லை. அவன் மனைவி துஃபூல் கோபித்துக்கொண்டு மலைமேல் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அவளை அழைத்துவரத்தான் இந்த ஏற்றம்.

கோபம் என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள், "இந்த வீடு எனக்கு இருட்டா இருக்கு மஹாத்" என்றாள். மறுநாள் அவன் கூடத்துக்கு இரண்டும் சமையலறைக்கு ஒன்றுமாகப் புது டியூப்லைட் மாட்டினான். அன்று மாலை அவள் பெட்டி கட்டினாள்.

பகலில் போய்ப் பேசலாம் என்றால் வேலை விடவில்லை. நகராட்சியில் இளநீர்க் கடைகளைப் பார்வையிடுவது அவன் வேலை. கரீஃப் காலத்தில் இளநீருக்கு ஓய்வு கிடையாது, அதனால் அவனுக்கும் கிடையாது. வெள்ளிக்கிழமையும் சேர்த்து அந்தி மக்ரிப் தொழுகை வரை கடைகடையாக ஏறி இறங்கிவிட்டுத்தான் ஜீப்பை எடுப்பான். தார்ச்சாலை முடிந்ததும் சேறும் கல்லுமாக ஒரு பாதை. சின்ன ஜீப் அதில் ஆட்டுக்குட்டி மாதிரித் தாவி ஏறிவிடும். கண்தான் தெரியாது.

அன்று ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, பகீத்தின் வீட்டு முற்றத்தில் குடும்பமே பாய்விரித்து உட்கார்ந்திருந்தது. சூடான கற்களின்மேல் இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. மூடுபனியிலிருந்து மஹாத் திடீரென்று முளைத்ததும் எல்லோரும் மென்றதை விழுங்காமல் பார்த்தார்கள்.

"அட, மச்சானா!" என்று பகீத் எழுந்தான். துஃபூலின் அண்ணன். எதற்கும் முகம் சுளிக்காத மனிதன். "வாங்க, உக்காருங்க. ஏய், மச்சானுக்கு சுலைமானி டீ ஊத்துங்க."

துஃபூல் எதிரிலேயே இருந்தாள். எழுந்து போக வழியில்லாமல் இரண்டு பக்கமும் அண்ணன் பிள்ளைகள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிடறேன். டின் மீன் இருக்கு. நீ எப்ப வர்ற?"

"கரீஃப் முடியட்டும். யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு? என்ன குறைன்னு சொல்லு, சரி பண்ணிடறேன்."

"அதுதான் குறை. நான் பேசினா நீங்க கேக்கறதில்ல. எதையாவது எடுத்து ரிப்பேர் பண்றீங்க."

"கேட்டுக்கிட்டேதான் பண்றேன்."

"இப்ப கையில என்ன இருக்கு?"

மஹாத் குனிந்து பார்த்தான். பிளாஸ்க்கின் மூடி. அதன் ரப்பர் வளையம் தளர்ந்திருந்ததால் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

துஃபூல் அந்த மூடியையே பார்த்தாள். பிறகு, இத்தனை வருடத்தில் அவன் கேட்டிராத மெதுவான குரலில், "எனக்கு..." என்று தொடங்கினாள். அதற்குள் உள்ளேயிருந்து பகீத்தின் மனைவி, "இஷா தொழுகைக்கு நேரமாயிடுச்சு" என்று குரல் கொடுத்தாள். துஃபூல் எழுந்து போய்விட்டாள். வளையம் சரியாகப் பொருந்தியிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம்," என்றான் பகீத். ஆறுதலுக்குச் சொன்னதுதான். மஹாத் அதை ஒரு பழுது அறிக்கைபோல வாங்கிக்கொண்டான். இறங்கும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தான். தாமதம்தான் கோளாறு. தாமதத்துக்குக் காரணம் மூடுபனியில் ஊர்வது. ஊர்வதற்குக் காரணம் விளக்கு. அவள் "எனக்கு" என்று தொடங்கிய வாக்கியத்தின் மீதி, ஒரு நல்ல விளக்குத் தூரத்தில்தான் இருந்தது.

பட்டறைத் தெருவில் வண்டி விளக்குக் கடை வைத்திருந்த அவாத், ஏமனில் ஹத்ரமௌத்திலிருந்து வந்தவன். கைக்குழந்தைக்கே ஹெட்லைட் விற்கக்கூடியவன்.

"அண்ணே, உங்க வண்டியில இருக்கறது விளக்கு இல்ல. ஊதுவத்தி," என்றான். "எல்ஈடி போடுங்க. ராத்திரிங்கறதே உங்களுக்குக் கிடையாது."

"மூடுபனியில தெரியுமா?"

"மூடுபனியா? அது பயந்து ஓடிடும்."

பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சொருகினான். அதன் பின்பக்கம் ஒரு குட்டி மின்விசிறி இருந்ததால், விளக்கின் முதுகை மூடும் ரப்பர் உறை பொருந்தவில்லை. "இது எதுக்கு, காத்து வரட்டும்," என்று அவாத் அதைத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டான். சுவிட்சைப் போட்டதும் எதிர்க்கடையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களா? அதுதான் குவாலிட்டி."

சமவெளியில் ராஜபவனி. சேறு வழுக்கும் என்று மலையிலிருந்து இறக்கிவிடப்பட்டிருந்த ஒட்டகங்கள் சாலையோரம் சுண்ணாம்புச் சிலைகளாக நின்றன. எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு மரியாதை செய்தார்கள். அவர்கள் வாயசைவு அவ்வளவு மரியாதையாக இல்லை.

மலையில் மூடுபனிக்குள் நுழைந்ததும், யாரோ கண்ணாடியின்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. முன்பு தெரிந்த ஒரு முழமும் போயிற்று. கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து ஏறினான். ஒரு காது நனைந்து ஜில்லிட்டுப்போனது.

மேலே போனபோது வீடு இருண்டு கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. முற்றத்தில் பாய்கூட இல்லை. பகீத்தின் பிக்கப் மட்டும் நின்றது. தட்டினான், கூப்பிட்டான். ஒரு பசு மட்டும் பதில் சொன்னது.

இருட்டில் அடுப்புக் கற்களின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தன.

'இப்பதான் கிளம்பியிருக்காங்க,' என்று நினைத்துக்கொண்டான். 'இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா பிடிச்சிருக்கலாம்.' பொறுப்பில்லாமல் நெருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு இறங்கினான்.

மறுநாள் பகீத்துக்குப் போன் போட்டான்.

"அடடா மச்சான், வந்தீங்களா? பெரியப்பா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. எல்லாரும் ஒரே வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டோம்."

"நெருப்பை அணைக்காம போயிட்டீங்களே."

"ஆமா," என்றான் பகீத் கொஞ்சம் வருத்தமாக. "இறைச்சி முழுக்க நனைஞ்சிருந்தது."

மஹாத் அவாத்திடம் போனான்.

"அண்ணே, மூடுபனிக்கு வெள்ளை ஆகாது. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?" என்று அவாத் வியந்தான். "மஞ்சள் வேணும். பம்பர்ல கீழ ரெண்டு மாட்டிடறேன்."

"முன்னாடி இருந்ததே மஞ்சள்தானே?"

"அது வயசான மஞ்சள். இது எல்ஈடி மஞ்சள்."

மாட்டினான். உண்மையிலேயே பாதை கொஞ்சம் தெரிந்தது. ஆனால் ரப்பர் உறை இல்லாத பெரிய விளக்குகளுக்குள் மழைநீர் புகுந்துவிட்டது. பழைய பல்பாக இருந்தால் அதன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். இது குளிர்ந்த வெளிச்சம். இரண்டும் தண்ணீர் நிரப்பிய மீன்தொட்டிகளாகத் தளும்ப, அவற்றின் வெளிச்சம் வளைந்து நெளிந்து மலைச்சரிவெங்கும் ஆடியது. அதைக் கண்டு, அங்கே மாடுகளுக்குப் போடும் கருவாட்டுத் தீனியைக் கொண்டுவரும் வண்டி என்று நினைத்துப் பக்கத்து மந்தைப் பசுக்கள் ஒவ்வொன்றாகச் சரிவிலிருந்து இறங்கிவந்து பின்னாலேயே நடந்தன. மஹாத் பகீத்தின் வீட்டை அடைந்தபோது அவனோடு ஒரு ஊர்வலமே வந்திருந்தது.

வீடு இருட்டு. கற்கள் சூடு. இந்த முறை கெண்டியில் சுலைமானியும் சூடாகவே இருந்தது. மஹாத் ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று, தீனி எங்கே என்பதுபோல் பார்த்தன. மனைவி வீட்டில் அவனுக்காகக் காத்திருந்த உயிர்கள் அவைதான் என்று தோன்றியதும் கெண்டியை மூடி வைத்தான்.

"பல்லுவலி மச்சான்," என்றான் பகீத் போனில். "எனக்கு. எல்லாரும் கூட வந்தாங்க."

"பல்லுவலிக்கு எல்லாருமா?"

"பாசம், மச்சான்."

அடுத்த தடவை மலை ஏறுமுன்பே ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அந்த மேகமூட்டத்திலும்.

"இறங்குங்க. இதென்ன, வண்டியா, வெல்டிங் பட்டறையா?"

"மலைக்குப் போறேன் சார். மூடுபனி."

"உங்களுக்கு மூடுபனி. எதிர்ல வர்றவனுக்கு என்ன பாவம்? வாழைப்பழக் கடைக்காரன் ஒருத்தன் ஆம்புலன்ஸ்னு நெனச்சு வண்டியைக் கடைக்குள்ளயே ஒதுக்கிட்டான். யாரைப் பாக்க இப்படி ஓடறீங்க?"

"என் மனைவியை."

போலீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் ஒரு வாழைத்தாரோடு மஹாத் நின்றான். அவளுக்காக வாங்கியது. அவர் அபராதச் சீட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "லைட்டைக் கீழ இறக்கிட்டுப் போங்க," என்றார். "நல்லபடியா பேசுங்க."

இறக்கினான். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாததால் முழுக்க இறக்கினான். அதன்பின் விளக்கு தன் பம்பரை மட்டும் பளிச்சென்று காட்டியது. ஒரு வளைவில் ஜீப் மெதுவாக எதன்மேலோ மோதி நின்றது. இறங்கிப் பார்த்தால் ஒரு பசு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை விட்டு வாழைத்தாரை நிதானமாகத் தின்று முடித்தது. அன்றும் வெறுங்கையோடு போய், வெறும் வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

சமவெளியில் தூறல் குறையத் தொடங்கியிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் ஊர் திரும்ப ஆரம்பித்தார்கள். கரீஃப் முடியப்போகிறது. முடிந்தால் துஃபூல் யோசித்துச் சொல்லிவிடுவாள். என்ன சொல்வாள் என்பது மஹாத்துக்குத் தெரியும்போல் இருந்தது. வீட்டில் மூன்று புது டியூப்லைட்டுகளையும் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து டின் மீனைத் தின்றான். ஒரு மூலைகூட இருட்டாக இல்லை. வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

"இனிமே ஒண்ணுதான் பாக்கி அண்ணே," என்றான் அவாத். கடையின் பின்பக்கமிருந்து தோளில் சுமந்து வந்தான். ஜீப்பின் கூரை அகலத்துக்கு ஒரே நீளமான எல்ஈடி பட்டை. "மத்ததெல்லாம் லைட்டு. இது பகல்."

"பேட்டரி தாங்குமா? சின்ன வண்டி."

"தாங்கறதுக்கு அது என்ன கல்யாணமா? பேட்டரிதானே!"

அன்று இரவு மஹாத் மலை அடிவாரத்தில் நின்று அந்தச் சுவிட்சைப் போட்டான். மூடுபனி கீழிருந்து மேல்வரை பால்போலப் பொங்கி ஒளிர்ந்தது. எங்கோ ஒரு வீட்டில் சேவல் கூவியது. எதிர்ச்சரிவிலிருந்து யாரோ, "அணைடா பாவி!" என்று கத்தினார்கள். மஹாத் பற்களைக் கடித்துக்கொண்டு, வாழ்நாளில் ஏறாத வேகத்தில் ஏறினான். மேலே போய் இறங்கி ஓடி அடுப்புக் கல்லைத் தொட்டான். விரல் சுட்டுவிட்டது. பொரிந்துகொண்டிருந்த இறைச்சித் துண்டு ஒன்று கல்லின்மேல் பாதி வெந்து கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. இவ்வளவு நெருங்கிவிட்டான். ஒரு துண்டு இறைச்சி வேகிற நேரம்தான் பாக்கி. அந்த நேரத்தையும் எப்படிக் குறைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கருகட்டுமே என்று விட மனமில்லாமல் துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தான்.

"எங்கயும் போகலை மச்சான், சும்மா... அருவி பாக்க," என்றான் பகீத்.

"பாதி வேக்காட்டுல விட்டுட்டா?"

"திடீர்னு தோணுச்சு."

அவாத் சொன்னதுபோல் அது பேட்டரிதான். கல்யாணம் இல்லை. ஆனாலும் தாங்கவில்லை. அடுத்த முறை பாதி ஏற்றத்தில் கூரைப் பட்டை ஒருமுறை கண் சிமிட்டியது. மஞ்சள் விளக்குகள் சிவந்தன. மீன்தொட்டிகள் அணைந்தன. எஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினான். டக் என்றது. மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை.

மஹாத் பழக்க தோஷத்தில் இறங்கி பானெட்டைத் தூக்கினான். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. போன் டார்ச்சைப் போட்டால் மூடுபனியில் தன் கை மட்டும்தான் தெரிந்தது. டார்ச்சை அணைத்தான். பானெட்டை மூடினான். சரிசெய்ய எதுவுமே இல்லாத இருட்டு.

பாதையோரக் கற்சுவரைத் தடவிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு நடந்தான். கையில் வேலை இல்லாததாலோ என்னவோ, துஃபூல் சொன்னவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தன் அம்மா இறந்த மாதத்தில் அவள் ஏதோ சொல்ல வந்ததும், அவன் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததும். குழந்தை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட நாளில் வழியெல்லாம் அவள் பேசாமல் வந்ததும், அவன் காற்று வரவில்லை என்று ஏசியைக் குடைந்ததும். இருட்டு என்று அவள் எதைச் சொன்னாள் என்பது மஹாத்துக்கு அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடந்தபோது புரிந்தது. அவசரமில்லாமல் ஒரு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டான். 'வீட்டுக்கு வா துஃபூல். நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ சொல்ல வந்ததைச் சொல்லு.' சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினான். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டின் பின்பக்கம் மாட்டுக் கொட்டகை வழியாக வந்து சேர்ந்தபோது முற்றம் ஜெகஜோதியாக இருந்தது. பாய்கள் விரித்திருந்தன. இறைச்சி மணத்தது. பகீத் ஏதோ கதை சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று துஃபூலுடையது. அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பாள் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான்.

கடைசியில் ஒரு நாள் நேரத்தோடு வந்துவிட்டோம் என்று மஹாத் தன் வாக்கியத்தை இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கொட்டகை ஓரம், தடதடத்துக்கொண்டிருந்த ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு நடுவயதுக்காரர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். பசு மேய்க்கப் புதிதாக வந்தவர்போல. முன்பு பார்த்ததில்லை. சேறும் தண்ணீருமாக நின்றவனைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! வழி தவறிட்டீங்களா? இந்தப் பனியில யாருக்கும் கண்ணு தெரியாது. உக்காருங்க." இன்னொரு வாளியைக் கவிழ்த்தார். ஒரு கோப்பை சுலைமானியை ஊற்றிக் கையில் கொடுத்தார். "நிதானமா குடிங்க. இன்னிக்கு அவசரமே இல்ல."

"மத்த நாள்ல என்ன அவசரம்?" என்று கேட்டான் மஹாத், கண்ணை முற்றத்திலிருந்து எடுக்காமல்.

"அதை ஏன் கேக்கறீங்க! கீழ வளைவுல ஒரு வெளிச்சம் தெரிஞ்சதும் நான் இந்த ஜெனரேட்டரை அணைக்கணும், இவங்க பாயைச் சுருட்டிக்கிட்டு உள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கணும். அதோ சிரிக்கறாங்களே, அந்த அக்காதான் வெளிச்சம் வருதான்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க," என்றார் அவர். "முன்னாடி அந்த ஆளு ஏதோ மங்கல் லைட்டு வச்சிருந்தானாம், முற்றத்துல வந்து நிக்கிற வரைக்கும் தெரியாதாம், அந்த அக்கா மாட்டிக்கிட்டு உக்காந்து பேசவேண்டியதாப் போச்சாம், நல்ல மனுஷன்ணே, அவனாவே காசு போட்டு லைட்டை மாத்திக்கிட்டான்."